ஒருவழிப் பாதையில் ஓர் அவசரம்

அவனுடைய அண்ணன் மகளுக்கு மூன்று வயது, வீட்டில் அவளை வாலு என்பார்கள். டயப்பர் இல்லாமல் அவள் வாசலைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. அண்ணி தயங்கினாள். சித்தப்பாவான அவன்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகக் கூட்டி வந்தான். கல்லூரியில் ஒரு பாடத்தைக்கூட அவன் உருப்படியாகப் பார்த்துக்கொண்டதில்லை என்பது அண்ணிக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

ஓவியக் காட்சியகத்தின் முதல் அறையிலேயே வாலு அவன் சட்டையை இழுத்தாள்.

"சித்தப்பா, அவசரம்."

கழிவறை பின்னாலேயே, நுழைவாயிலை ஒட்டி இருந்தது. காவலர் கையை நீட்டி மறித்தார். ஒருவழிப் பாதையாம், அம்புக்குறிப்படிதான் போக வேண்டுமாம். எல்லா அறையையும் சுற்றி வந்தால் அதே கழிவறைதான் வரும் என்று ஆறுதலும் சொன்னார். ஓடவும் கூடாதாம்.

அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஓட்டத்திலும் சேராத நடையிலும் சேராத ஒன்றை சித்தப்பா தொடங்கினான். அடுத்த அறை முழுக்கக் கடல். அதற்கடுத்தது அருவி. அதையும் தாண்டினால் நீரூற்றுக்கு நடுவே ஒரு பையன் சிலை, எந்த அண்ணிக்கும் பயப்படாமல் அதையே செய்துகொண்டிருந்தது.

"பாக்காதடி, கண்ண மூடிக்கோ."

"அவன் மட்டும் போறான்."

நியாயம் கேட்டு வாலு தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். வந்தது வினை. சிவப்புக் கொடி பிடித்த வழிகாட்டியைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த முதியோர் சுற்றுலாக் குழு ஒன்று, தலைக்குமேல் சிவப்பைக் கண்டதும் பின்னால் சேர்ந்துகொண்டது. அவன் வேகமெடுக்க, அவர்களும் வேகமெடுத்தார்கள். எந்தப் படத்தையும் அவன் ஏறெடுத்துப் பார்க்காததைக் கண்ட ஒரு தாத்தா, பெரிய ரசனைக்காரன், தேறாததையெல்லாம் ஒதுக்கிவிடுகிறான் என்று மெச்சிக்கொண்டார்.

கழிவறைக் கதவு தெரிந்தபோது சித்தப்பாவின் முதுகில் ஈரம். ஈரக்குலை நடுங்கத் தொட்டுப் பார்த்தான். வேர்வை.

உட்கார வைத்ததும் வாலு அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். வெளியே குழு முழுவதும் அரைவட்டமாக நின்று, மூடிய கதவை பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் படமும் எடுத்தார்.

கதவு திறந்தது.

"நனையவே இல்ல," என்று வாலு சபைக்கு அறிவித்தாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புரிந்துபோய் எல்லோரும் கைதட்டினார்கள்.

தாத்தா மட்டும் தட்டவில்லை. "காலையிலருந்து எங்க கைடு காட்டாத ஒரே இடம் இதுதான் தம்பி," என்றபடி முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.