ஓநாய்க்குச் சேலை வேலி

லோஜினி தன் சென்மத்தில் ஓநாயைப் பார்த்ததில்லை. இலங்கையில் அவள் ஊரான உடப்புசல்லாவை மலையில் சிறுத்தை உண்டு, நரி உண்டு, காட்டுப்பன்னியோ கேட்கவே வேண்டாம். ஓநாய் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் கண்ட ஒரு படம், அவ்வளவுதான். அந்தப் படம் சவூதியில் உயிரோடு உலாவும், தன் புருஷனை வீட்டுக்கு வரவிடாமல் பிடித்து வைக்கும் என்று அவள் கனவா கண்டாள்?

பிரதாப் ஆடு மேய்க்கப் போனபோது மகள் தர்ஷனா வயிற்றில் இருந்தாள். இப்போது அவள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் முழுக்க ஓடித் திரிகிறாள். அப்பா என்றால் அவளுக்கு ஃபோன்தான். ரொட்டியைப் பிய்த்து ஃபோன் கண்ணாடியில் அப்பி, "அப்பா, ஆ..." என்பாள். அதைத் துடைத்துத் துடைத்தே லோஜினி அலுத்துப்போனாள். லீவு கேட்டால் அரபி முதலாளியிடம் ஒரே பதில்: "ஆடு குட்டி போடுற காலம். ஓநாய் தூக்கிக்கிட்டே இருக்கு. ஒரு மாசம் ஒரு குட்டிகூட குறையாம காட்டு, அப்புறம் போ." ஓநாய் மாசக் கணக்குப் பார்த்தா வருகிறது? இந்த மாதமும் ஒன்று போனது. லீவும் கூடவே போனது.

"ஏங்க, பாலைவனத்துல ஓநாய்க்கு என்ன வேலை? மணலையா திங்குது?" என்று கேட்டாள் லோஜினி.

பிரதாப் தண்ணி பவுசர் லாரியின் மேல் ஏறி நின்று பேசினான். அங்கேதான் சிக்னல் எடுக்கும். "நடு மணல்ல இல்ல புள்ள. மலையோரம், ஓடையோரம், ஆடு மேயிற பக்கமாத்தான் இருக்கு. முந்தி நாடு பூரா இருந்துச்சாம். இப்ப அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம். கண்டா சுட்டு, ரோட்டோரக் கம்பத்துல தலைகீழா தொங்கவிட்டுர்றாங்க. நானே பாத்தேன். நம்ம நாய விட ஒல்லி. காது மட்டும் பெருசு."

"ஐயோ, பாவம்ங்க."

"ஓநாய் பாவம், நான் பாவமில்லையா?"

அதுவும் நியாயம்தான். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் அவளுக்குப் பகீர் என்றது. முதலாளி இறைச்சியில் விஷம் வைக்கப் போகிறாராம். காவல் நாய் அதைத் தின்று செத்தால் அந்தப் பழியும் பிரதாப் தலையில்தான் விழும். கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தான்.

லோஜினி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நின்றாள். லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட லீக்ஸும் உருளைக்கிழங்கும். சுற்றி நாலு பக்கமும் கம்பு நட்டுப் பழைய சேலை கட்டியிருந்தது. ராத்திரியில் காட்டுப்பன்னி வரும், சேலை வரைக்கும் வரும், மோந்துவிட்டுத் திரும்பிவிடும். மலையில் எல்லாரும் கட்டுகிற வேலிதான்.

"அத்தை!" என்று கத்தினாள். பிரதாப்பின் அம்மா காளியாயி அடுப்படியிலிருந்து பதறி ஓடி வந்தாள். "பன்னி சேலைக்குப் பயந்தா ஓநாய் பயப்படாதா?"

பக்கத்து வீட்டுச் செல்லசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "சேலையப் பாத்து ஓட, ஓநாய் என்ன கல்யாணமான ஆளா?"

"நீங்க அக்கா சேலையப் பாத்தே ஓடுறீங்கல்ல அண்ணே, சும்மா இருங்க," என்றாள் லோஜினி.

தோட்டத்துக் கீழ்ப் பிரிவு ஜனகன் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிற நேரம். பிரதாப் இருக்கிற பக்கம்தான் அவனுக்கும் வேலை. காளியாயி லயம் லயமாக ஏறி இறங்கினாள். கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிப்போய்ப் பழசான சேலைகள் குவிந்தன. இங்கேதான் பெண்களுக்கு மானப் பிரச்சினை வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சேலையை அழுக்காகவா அனுப்புவது? அந்த அரபிக்காரர் என்ன நினைப்பார்? சவர்க்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரியும் போட்டு, பூச்சி உருண்டை வைத்து மடித்தார்கள். கல்யாண வீட்டு வரிசைத் தட்டு தோற்றுப்போகும். ஜனகன் தன் சாமானைப் பாதிக்குப் பாதி எடுத்து வைத்துவிட்டு அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

பிரதாப் பட்டியைச் சுற்றிக் கட்டி வீடியோ அனுப்பினான். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக மலையகத்துச் சேலைகள் பாலைவனக் காற்றில் படபடவென்று அடித்தன. லயமே கூடி நின்று, "அது என்னோடது! இது என்னோடது!" என்று கும்மாளம் போட்டது.

மறுநாள் ஃபோன் கோல் வந்தது. ஓநாய் சேலைக்குக் கீழே புகுந்து ஒரு குட்டியைத் தூக்கிவிட்டது.

"முதலாளி சிரிக்கிறாரு, லோஜி," என்றான் பிரதாப். குரல் செத்திருந்தது. "வெஷப் போத்தல எடுத்து வச்சிட்டாரு. என்னால இனி தடுக்க முடியாது. லீவ வர்ற வருஷம் பாப்போம்."

வர்ற வருஷமா! லோஜினி சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் எழுந்தாள். யார் கண்ணிலும் படாமல் அழலாம் என்று கொல்லைக்குப் போனாள். மழையில் ஒரு சேலை அவிழ்ந்து கிடந்தது. அழுதுகொண்டே அதைத் தூக்கிக் கம்பில் கட்டினாள். முகத்தில் வந்து அடித்தது பாருங்கள் ஒரு வாடை! வேர்வை, அடுப்புப் புகை, கொழுந்துக் கறை எல்லாம் சேர்ந்த வாடை. அத்தனை மழையிலும் போகவில்லை.

அடச்சீ! நாம் எந்தக் காலத்தில் வேலிச் சேலையைத் துவைத்துக் கட்டினோம்? பன்னி பயந்தது துணிக்கா, ஆள் வாடைக்கா?

உடனே கோல் எடுத்தாள். "என்னங்க, அந்தச் சேலையெல்லாம் அவிழுங்க. நீங்க போத்திக்கிட்டுப் படுங்க. கூட இருக்கிறவங்களுக்கும் குடுங்க. நல்லா வேர்வை ஊறட்டும். அப்புறம் மறுபடி கட்டுங்க."

"ஏய், ஆம்பள சேலையப் போத்திக்கிட்டு..."

"நீங்க வேணுமா, மானம் வேணுமான்னு கேட்டா எனக்கு நீங்கதான் வேணும். போத்துங்க!"

போர்த்தினான். முதலாளியிடமும் கெஞ்சி விஷத்தை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டான். கூட மேய்க்கிற சூடான்காரர் சிரித்தார், நேபாளப் பையன் சிரித்தான். பிறகு அவர்களும் ஆளுக்கொன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வெயிலில் அலைந்தார்கள். அந்த ஊர் வெயிலுக்கு வேர்வைக்கா பஞ்சம்? சேலைகள் நாறின. பிரதாப் அவற்றைப் பட்டியைச் சுற்றி மறுபடி கட்டினான், இந்தத் தடவை கொஞ்சம் தாழ்த்தி.

விடிகிற நேரத்தில் எடுத்த வீடியோ ஒன்று வந்தது. ஒல்லியான உடம்பும் பெரிய காதுமாக ஓநாய் வந்தது. அது காளியாயியின் சிவப்புச் சேலையில் மூக்கை வைத்தது. சட்டென்று பின்வாங்கியது. பட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடி மோந்தது, மறுபடி தள்ளி நின்றது. பிறகு வாலை இறக்கிக்கொண்டு மலைப் பக்கமாகப் போய்விட்டது.

"என் சேலைடி! என் சேலைக்குத்தான் ஓடுச்சு!" என்று காளியாயி குதித்தாள். செல்லசாமி அந்த வீடியோவைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு குட்டியும் போகவில்லை. பிரதாப் வாரத்துக்கு ஒரு சேலையாக மாற்றி மாற்றிப் போர்த்தினான். முதலாளி கேட்ட ஒரு மாதம் முடிந்த அன்று சாயந்தரம் லோஜினி கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போது ஃபோன் அடித்தது. பிரதாப்புக்குப் பக்கத்தில் தாடி வைத்த முதலாளியும் நின்றார்.

"லோஜி, முதலாளி உனக்கு நன்றி சொல்றாரு. ஆனா..."

"என்ன ஆனா?"

"அவங்க அண்ணன் பட்டிக்கும் இதே மாதிரி கட்டணுமாம். உன்ன இன்னும் சேலை அனுப்பச் சொல்றாரு. அதையும் கட்டி முடிச்சுட்டுப் போன்னு சொல்றாரு."

அவளுக்குக் கோபம் உச்சி மண்டை வரை ஏறியது. சொன்ன சொல் சொல்லாக இருக்க வேண்டாமா? ஃபோனை நேராகப் பிடித்து, முதலாளி முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அவருகிட்ட அப்படியே சொல்லுங்க. சேலை நெறைய இருக்கு. பார்சல்ல வராது, யார் கையிலயும் வராது. எம் புருஷன் நேர்ல வந்து எடுத்துட்டுப் போனாத்தான் உண்டு. வெஷப் போத்தலையும் கொட்டிரணும். கொட்டலைன்னா ஒரு முந்தானைகூடக் கெடைக்காது."

"லோஜி, இத எப்படி..."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க!"

பிரதாப் தட்டுத் தடுமாறி அரபியில் சொன்னான். முதலாளி புருவத்தைச் சுருக்கினார். ஃபோனுக்குள் அவளை உற்றுப் பார்த்தார். அவளும் இமைக்காமல் பார்த்தாள். திடீரென்று தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்து, பிரதாப்பின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி என்னமோ சொன்னார். பிரதாப் முதுகைத் தடவிக்கொண்டான்.

"என்னங்க? என்ன சொல்றாரு?"

"ஒம் பொண்டாட்டிய விட ஓநாயே மேலுன்னு சொல்றாரு." அவன் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும்னு கேக்குறாரு, புள்ள."

லோஜினி போட்ட கூச்சலில், எடை போடுகிற கொழுந்து மடுவத்தில் நின்ற அத்தனை பேரும் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!