பெரிய கிளாக்கரின் இருபத்துமூன்று

மன்னார் அரசாங்கக் கந்தோரின் கிரிக்கெட் அணி, தலைமன்னார் ரயில்காரரிடம் ஆறு வருடம் தொடர்ந்து தோற்றது. ஏன் தோற்காது? பதவி வரிசைப்படியல்லவா மட்டை பிடித்தார்கள்! முதலில் பெரிய கிளாக்கர் பரமநாதன் இறங்குவார். எப்போதோ ஒருமுறை இருபத்துமூன்று ஓட்டம் எடுத்த மனிதர். அணியில் அதற்கு மேல் யாரும் எடுத்ததில்லை. அதைச் சொல்லாமல் அவர் தேத்தண்ணீர் குடித்ததுமில்லை. பிறகு சின்னக் கிளாக்கர்மார், பிறகு பியோன் ஹுசைன். ஆள் போதாமல் பேசாலையிலிருந்து சேர்த்துக்கொண்ட மீனவன் சந்தியோகு கடைசி. அவன் அடித்தால் பந்தைத் தேடத்தான் வேண்டும். ஆனால் பாவி, அவன் இறங்கிக் கால் ஊன்றுவதற்குள் மறுபக்கத்து ஆள் அவுட்டாகிவிடுவார்.

காப்டன் யோகராசா மூன்றாம் கிளாக்கர். அணி என்றால் அவருக்கு உயிர். இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று கந்தோரின் மேலதிகாரி துரை சொல்லிவிட்டார். மனிதருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பெரிய கிளாக்கரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இந்த முறை சந்தியோகு முதலிலை இறங்கட்டும். நீங்கள் பத்தாவது."

"என்ன காணும், உமக்கு விசரோ? தோணிக்காரனுக்குப் பிறகோ நான்? அப்ப நீர்?"

"நான் பதினோராவது, ஐயா."

பரமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோகராசா அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

ரயில்காரர் ஐம்பத்தொரு ஓட்டம் எடுத்தார்கள். சந்தியோகு வெறுங்காலோடு இறங்கி வெளுத்து வாங்கினான். மேய்ந்துகொண்டிருந்த கழுதைகள் வெருண்டு ஓடின. தன் முறை வரும்வரை அம்பயராக நின்ற யோகராசாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் இருபத்திரண்டு வந்ததும் இவனுக்கு என்ன பிடித்ததோ, வந்த பந்தையெல்லாம் தட்டித் தட்டி நிறுத்தத் தொடங்கினான். மறுபக்கம் விக்கெட்டுகள் பொலபொலவென்று விழுந்தன. எட்டாவது விக்கெட் விழுந்தபோது வெற்றிக்கு இன்னும் இரண்டு ஓட்டம் வேண்டியிருந்தது. பரமநாதன் தொந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

யோகராசா பொறுக்கமாட்டாமல் சந்தியோகுவிடம் ஓடினார். "என்னடாப்பா செய்யிறாய்? ஏன் அடிக்கிறாயில்லை?"

அவன் தலையைக் குனிந்தான். "ஐயாவின்ரை இருபத்துமூண்டு இருக்கல்லோ. அதை நான் தாண்டினால் வடிவோ, சொல்லுங்கோ?"

யோகராசாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. என்ன பிள்ளையப்பா இவன்! திரும்பினால், பின்னால் பெரிய கிளாக்கர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் சிவந்துபோயிற்று.

"டேய், என்ரை இருபத்துமூண்டை வைச்சு நான் என்ன ஊறுகாயோ போடுறது? அடியடா!"

சந்தியோகு அடித்தான். பந்து கீரிக் கடற்கரைப் பக்கமாக உருண்டது. ஒரு ஓட்டம் முடிந்ததும், "வாடா, இன்னொண்டு!" என்று கத்திக்கொண்டு பரமநாதனே திரும்பி ஓடிவந்தார். ஐம்பது வயது மனிதர்! பந்து வருவதைக் கண்டு மட்டையை நீட்டியபடி மணலில் தொபுக்கடீர் என்று விழுந்தார். விக்கெட் சிதறியது. ரயில்காரர் கூச்சலிட்டார்கள். யோகராசா குனிந்து பார்த்தார். மட்டை கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே கிடந்தது.

"அவுட் இல்லை!"

சந்தியோகு ஓடிவந்து அவரைத் தூக்கி நிறுத்தினான். "தாண்டிப்போட்டன் ஐயா. குறை நினையாதேங்கோ."

"போடா விசரா!" பரமநாதன் வாயிலிருந்த மணலைத் துப்பினார். "யோகராசா, அடுத்த வருசம் இவன்தான் எங்களுக்குக் காப்டன். விளங்குதோ?"

யோகராசாவின் பதவி போயே போய்விட்டது. போகட்டும்! அடுத்த வருசம் என்று சொன்னாரே, அது போதாதா? "ஓம் ஐயா!" என்றார். பெரிய கிளாக்கரின் சட்டையிலிருந்த மணலைத் தட்டிவிடத் தொடங்கினார்.