வைஃபை வந்த பிறகு

லேப்டாப்பின் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. இன்பமேரி கடைசி வரியை எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தாள்.

"அப்போ வைஃபை கார்டு தெரியுது, டிரைவரும் ஏறிடிச்சி. ஆனா சிக்னல மட்டும் புடிக்கல" என்றாள் புவனேஸ்வரி மறுமுனையில். "பக்கத்துல சின்னதா சுவிட்ச் எதுனா கீதான்னு பாருங்கக்கா."

"ஒண்ணும் இல்லியேமா."

"செரி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அப்பா இறந்த பிறகு இன்பமேரியிடம் அப்படிச் சொன்னவர்கள் யாருமில்லை. வில்லியனூரில் அவள் தட்டச்சு வேலை பார்த்த கடையின் உரிமையாளர், இனி வீட்டிலிருந்தே அடித்து அனுப்பச் சொல்லிப் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்துவிட்டார். பேச்சுத்துணைக்கு இருந்த கடையும் அதோடு போயிற்று. லேப்டாப்பில் இருந்தது அவளுக்குப் பழகிய விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பிரான்சில் இருக்கும் தம்பி பாஸ்கல், வீடியோ காலில் அப்பாவின் முகம் பார்க்கப் போட்டுக் கொடுத்த வைஃபை, கூடத்தில் சும்மா மினுங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. லினக்ஸ்காரர்களின் டெலிகிராம் குழுவில் எழுதிக் கேட்டாள். பதில் போட்டவள் புவனேஸ்வரி ஒருத்திதான். கிருமாம்பாக்கத்துப் பெண், சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

லேப்டாப் அணைந்து எழும் இடைவெளியில் பேச்சு வளர்ந்தது. புவனேஸ்வரி மாமியாரைப் பற்றியும் சூப்பர்வைசரைப் பற்றியும் சொல்லிச் சிரிப்பாள். தனி ஆளுக்கு அரை லிட்டர் பால் வாங்கினால் பாதி திரிந்துபோகிறது என்பதை இன்பமேரி அவளிடம்தான் முதலில் சொன்னாள்.

"நேர்ல பாத்தாதான் ஆவும்க்கா. ஞாயித்துக்கெழம காலைல நைட் ஷிப்ட் வுட்டதும் நேரா உங்க வூட்டுக்கு வந்துடறேன்."

சனிக்கிழமை லேப்டாப்பைத் துடைக்கும்போது, பக்கவாட்டில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கர் பிய்ந்து வந்தது. அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சுவிட்ச். தள்ளினாள். நீல விளக்கு எரிந்தது. திரையில் அவள் வீட்டு வைஃபை, எதிர்வீட்டுக்காரருடையது, கோயில் அலுவலகத்துடையது என்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"வந்திடிச்சிடி!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். போனை எடுத்துப் புவனேஸ்வரியின் பெயரைத் தேடினாள். பெயர் வந்தது. விரல் அதன்மேல் இறங்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, சுவிட்சைப் பழைய பக்கமே தள்ளினாள். அதன்மேல் ஸ்டிக்கரையும் அழுத்தி ஒட்டினாள்.

மறுநாள் சர்ச்சில் முதல் பூசைக்குப் போய் வந்து சங்கரா மீன் குழம்பு வைத்தாள். புவனேஸ்வரி வந்தபோது நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடம் இருந்தது, கண்கள் சிவந்திருந்தன. போனில் கேட்ட குரலைவிட முகம் சின்னது. தண்ணீர்கூட வேண்டாமென்று சொல்லி லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். இரண்டு கட்டளைகள் அடித்தாள். பிறகு விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஸ்டிக்கரில் நிறுத்தினாள். அதன் ஓரம் மடங்கியிருந்தது. உரித்து, அடியிலிருந்த சுவிட்சைத் தள்ளினாள்.

நீல விளக்கு எரிந்தது.

"இன்னாக்கா இது?"

இன்பமேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேத்தே பாத்துட்டேன்மா. சொன்னா நீ வரமாட்டியேன்னு…"

புவனேஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழியில ரெண்டு தடவ தூக்கத்துல வண்டி ஆடிப்போச்சிக்கா" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று இன்பமேரியால் கண்டுகொள்ள முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் புவனேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"பாய் இருந்தா குடுங்க. இப்பிடியே வண்டி ஓட்ட முடியாது."

பாயைப் பிரித்துப் போட்ட சற்று நேரத்துக்கெல்லாம் புவனேஸ்வரி ஒருக்களித்துத் தூங்கிப்போனாள். காலுறையைக்கூடக் கழற்றவில்லை. எழுந்ததும் கிளம்பிவிடுவாளோ, சாப்பிடுவாளோ. இன்பமேரி ஓசைப்படாமல் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். சன்னல் வெயில் நகர்ந்து புவனேஸ்வரியின் முகத்தைத் தொடப் பார்த்தது. இன்பமேரி குறுக்கே நகர்ந்து உட்கார்ந்து, அதைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டாள்.