கானாவாழைக்கு அடியில்

மழை பெய்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. உத்திரமேரூர் சாலையோரத்தில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. எங்கள் ஊர்த் திருப்பத்தில் உள்ள புளியமரத்தடியில் மட்டும் இரண்டு முழ நீளத்துக்குப் பச்சை. அதில் நீலப் பூக்கள்.

கானாவாழை என்றுதான் நினைத்தேன். மேலே இரண்டு நீல இதழ், கீழே சிறியதாக ஒன்று. ஆனால் அதே சாயலில் வேறு செடிகளும் உண்டு. கானாவாழை மண்ணுக்குள்ளும் பூக்கும். வெள்ளையாக, விரியாமல், இருட்டிலேயே காய்த்துவிடும். அந்தப் பூவோடு எடுத்துப் போனால்தான் பேராசிரியர் ஒப்புக்கொள்வார். கல்லூரியில் செடிகளைப் பாடம் செய்து வைக்கும் வேலை காலியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் என் தொகுப்பை முடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாலாஜாபாத் மாப்பிள்ளைக்கு நைனா சரி சொல்லிவிடுவார். இந்த ஒரு செடிதான் பாக்கி.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த எல்லம்மாள் நின்றாள்.

"இன்னா கஸ்தூரி, பி.எஸ்சி. பட்ச்சிட்டு பில்லு புடுங்கினு கீற? என் ஆட்டுக்கும் ஒரு கட்டு போடேன்."

"இங்கயே மேய விடுங்களேன்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அட, முள்ளையே திங்கிற ஜென்மங்க. இத்த மட்டும் தொடாதுங்க."

ஒரு குட்டி மூக்கை நீட்டியது. உடனே பின்வாங்கித் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. எல்லம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆடுகளை ஓட்டிப் போனாள்.

நான் குந்தினேன். மண் ஈரமாக இருந்தது. எறும்புகள் வரிசையாகப் போயின. புளித்த பால் வாடை.

களைக்கொத்தை இறக்கினேன். ஏற்கெனவே வெட்டிய மண்போலச் சுலபமாக இறங்கியது. தண்டு அறுந்து கையோடு வந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினேன். அடியில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது.

"கஸ்தூரி. எய்ந்திரு."

ஜெயமணி அண்ணி. செருப்பில்லாமல், முந்தானையால் மூடிய டம்ளரோடு நின்றாள். போன மாதம் அவளுடைய தலைச்சன் குழந்தை, பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனது. பால் வற்றட்டும் என்று அம்மா இன்னமும் அவளுக்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலைச்சன் பிள்ளையைப் புதைத்த இடத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். மந்திரத்துக்கு மை எடுக்கிறவர்கள் தோண்டிவிடுவார்கள் என்று பயம். திருமுக்கூடலில் ஆற்று மணலில் வைத்ததாக அண்ணன் வீட்டில் சொன்னான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

"வேருதான் அண்ணி. பூ தெரியுது, பாருங்க."

"வேற எடத்துல எடுத்துக்கோ."

"வேற எங்கயுமே இல்ல. திங்கக்கெழம குடுக்கலன்னா எனக்கு வேலையே இல்ல அண்ணி. இன்னும் ஒரு பிடிதான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அதிலும் பால் வாடை. என் கையிலிருந்த கொத்தை வாங்கித் தூர எறிந்தாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள். பிறகு உள்ளங்கையால் அதன்மேல் தட்டினாள், மெதுவாக, ஒரே சீராக.

காஞ்சிபுரம் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது மறையும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்கண்ணன் ஆத்துக்குப் போவல" என்றாள். "எம்புள்ள இங்கதான் கீது."