பிரெஞ்சுக்காரன் சொன்னது

தெனிஸ் வாயில் கெட்ட வார்த்தை வராது. இருபத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு தடவைகூட வந்ததில்லை என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. வீட்டில் வாய் நீண்டால் பெல்ட்டும் நீளும். அதோடு தெனிஸ் ஞாயிறு காலைப் பூசையில் வாசகம் படிக்கிறவன் வேறு. பைபிள் படிக்கிற வாய் என்று அவனுக்கே தன் வாய்மேல் ஒரு மரியாதை.

வம்பு என்னவென்றால், பூசை முடிந்த அதே ஞாயிறு சாயங்காலம் அவன் போய் உட்காருகிற இடம். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் கோவிந்தராசு நடத்துகிற பிரவுசிங் சென்டர். 2006ஆம் வருஷம், பிராட்பேண்ட் வந்த புதுசு. தெனிஸ், விக்ரம், கலைவாணன் மூன்று பேரும் ஒரே அணி. முகம் தெரியாத வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போடுவார்கள். ஹெட்போனை மாட்டினால் எதிராளி பேசுவதும் காதில் விழும்.

விக்ரம் வைத்திக்குப்பத்து ஆள். வெளியே பார்த்தால் தங்கமான மனுஷன். நாய் குறுக்கே வந்தால்கூட சைக்கிளை நிறுத்தி வழிவிடுவான். ஹெட்போனை மாட்டிவிட்டால் போதும், எதிராளியின் அம்மாவை இழுக்காமல் ஒரு குண்டு சுடமாட்டான். இவ்வளவு நல்லவனுக்குள் இந்த வாய் எங்கேதான் ஒளிந்திருக்கிறது? தெனிஸுக்கு அது தீராத ஆச்சரியம்.

கலைவாணனும் சளைத்தவனில்லை. ரெண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தான். ஒரு நாள் அடக்கி வாசித்தார்கள், மறுவாரம் அதையும் சேர்த்து வைத்துக் கொட்டினார்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்த்தான். எதிராளியின் காலடிச் சத்தம் கேட்காமல் முதுகில் குண்டு வாங்கிச் செத்ததுதான் மிச்சம். ஜெபக்குழுவில் கேட்டான். "அந்தச் சகவாசமே வேணாம், விட்டுடு" என்றார்கள். எப்படி விடுவது? அவனுக்கு இருக்கிற சிநேகிதமே அந்த ரெண்டு பேர்தான். கடைசியில், இந்த ஞாயிறும் இப்படியே போனால் எழுந்து வந்துவிடுவது, திரும்பப் போவதில்லை என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனான்.

அன்றைக்கு எதிரே மாட்டினது ஒரு பிரெஞ்சுக்காரன். விக்ரம் அவனைப் பின்னாலிருந்து போட்டுத்தள்ள, அவன் தன் பாஷையில் கத்தினான். அப்பாவிடம் பிரெஞ்சு கற்ற தெனிஸுக்குக் காது கூசியது. விக்ரம் எப்போதும் சொல்கிற அதே வசவு. பாஷைதான் வேறு.

"இன்னாடா சொல்றான்?" என்றான் விக்ரம்.

தெனிஸ் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "சூப்பரா ஆடறியாம். உங்கம்மா உன்ன நல்லா வளத்திருக்காங்களாம்."

"அப்டியா" என்றான் விக்ரம். அவ்வளவுதான். அதற்கப்புறம் அரை மணி நேரம், ஒரு கெட்ட வார்த்தை? மூச். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கலைவாணனும் அடங்கிப்போனான். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் விடாமல் அர்ச்சனை பண்ண, இந்தப் பக்கம் விக்ரம் நன்றி சொல்கிறேன் என்று "மெர்சி, மெர்சி" என்கிறான். தெனிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட, இதற்குப் போயா இத்தனை நாள் ஜெபம் பண்ணினோம் என்று உள்ளுக்குள் குதித்தான்.

ஆட்டம் முடிந்தது. விக்ரம் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். "தெனிசு, அம்மா போயி ஒம்போது மாசம் ஆவுது. ஒருத்தரும் அவங்கள அப்டி சொன்னதில்லடா. அவனுக்கு எப்டி அது தோணுச்சின்னு கேட்டு சொல்லேன்." கண் கலங்கியிருந்தது.

விக்ரமின் அம்மா கன்னியம்மாள் இதே மார்க்கெட்டில் மீன் விற்றவள். அவள் உடலை எடுத்த அன்றைக்குத் தெனிஸும் கூடப் போயிருந்தான். கெட்டது பேசாத வாய் என்று பீற்றிக்கொண்டோமே, அது செத்துப்போனவளை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறதே என்று கூசிப்போனான். மூடி மறைத்தால் சிநேகிதமும் தங்கும், வசவும் நிற்கும். சொன்னால் ரெண்டும் போகும்.

"அவன் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அப்ப அவன் இன்னா சொன்னான்?"

அதைச் சொல்ல தெனிஸுக்கு வாய் எழவில்லை. "நீ எல்லாரையும் சொல்வியே. அதத்தான்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. விக்ரமின் கை தெனிஸ் சட்டையில் இருந்தது. கலைவாணன் பாய்ந்து வந்து நடுவில் நின்றான். விக்ரம் அடிக்கவில்லை, கையை எடுத்துவிட்டான். பிறகு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"எங்கம்மா செத்து ஒம்போது மாசம் ஆவுதுன்னு அவன்கிட்ட சொல்லு. ஒரு எழுத்து மாத்தக்கூடாது."

மாற்றாமல் சொன்னான் தெனிஸ். ஆட்டம் முடிந்தும் பிரெஞ்சுக்காரன் பெயர் திரையில்தான் இருந்தது. அப்புறம் அந்த ஆள் மெதுவாக நாலு வார்த்தை பேசினான்.

"தெரியாம சொல்லிட்டானாம். மனசு கஷ்டமா இருக்குதாம். மன்னிச்சிக்கச் சொல்றான்."

விக்ரம் தெனிஸின் முகத்தையே பார்த்தான். "இது அவன் சொல்றதா, நீ சொல்றதா?"

"அவன்தான்டா" என்றான் தெனிஸ். சொன்னது நிஜம்தான், ஆனாலும் நம்பு என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.