ஊதுபத்தியை அணைத்தவள்

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் மாரிக்கனி இரண்டு பஸ்களை விட்டுவிட்டாள். படிக்கட்டு வரை ஆள் தொங்கிய பஸ்ஸில் ஏற அவளால் ஆகாது. மூன்றாவதில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதில் அம்மாவின் அரக்குநிறச் சுங்குடிச் சேலையும், அதற்கு அடியில் மதுரை டாக்டர் கொடுத்த ஃபைலும் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அக்காவிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைத் தயார் செய்துவிட வேண்டும். கடையில் பால் பாக்கெட் கேட்பதற்குக்கூட முன்கூட்டியே வாக்கியம் தயார் செய்கிறவள் அவள்.

இன்று அம்மா அய்யம்மாளுக்கு முதல் வருஷத் தெவசம். அவர்கள் வகையறாவில் இறந்துபோன பெண்ணுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். அவள் உடுத்திய சேலை ஒன்றைப் பெண்மக்கள் சேர்ந்து அலசிப் பிழிந்து, காய வைத்து மடித்து, பெட்டியில் வைத்துப் படைக்க வேண்டும். ஒரு வருஷமாகப் பேசாத அக்கா செல்லக்கனி, தன் வீட்டுக்காரர் பாண்டிதுரையை விட்டுப் போன் பண்ணியிருந்தாள். "சேலைய குடுத்துட்டுப் போகச் சொல்லுதா. அலசுறதுக்கு நீ நிக்க வேண்டாமாம்" என்றார் அவர். போலீஸ்காரர், கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். அடுத்தவர் பேச்சுக்குள் மறைந்திருக்கும் அர்த்தம் மாரிக்கனிக்குப் பெரும்பாலும் பிடிபடாது. இது மட்டும் சுருக்கென்று பிடிபட்டது. அந்தச் சேலையில் கை வைக்கக் கூடாதென்றால், அவள் அய்யம்மாளின் மகளே இல்லை என்று அர்த்தம்.

போன வருஷம் நடந்தது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டுக்கு வரும் பெண்கள், இறந்தவரின் பெண்மக்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். அந்த வட்டத்தில் யாருடைய வியர்வை, யாருடைய கண்ணீர் என்று பிரிக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதல். மாரிக்கனியால் முதலில் வந்து விழுந்த கையையே தாங்க முடியவில்லை, தட்டிவிட்டாள். அது அக்காவின் கை. அதோடு நின்றிருந்தாலும் நாலு நாளில் மறந்திருப்பார்கள். ஆனால் அவள் எழுந்து போய், அம்மாவின் தலைமாட்டில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்திக் கொத்தை எடுத்துச் செம்புத் தண்ணீரில் முக்கினாள். யாரோ மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைத்தாள். மூன்றாம் தடவை செல்லக்கனி அழுகையை நிறுத்திவிட்டு அத்தனை பேர் முன்னால் கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு நெஞ்சா கல்லா?"

நெருக்கடியில் மாரிக்கனிக்கு வார்த்தைகள் அப்படியே நின்றுபோகும். பின்வாசலில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அம்மாவைத் தூக்கும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஏன் அணைத்தாய் என்று அன்று யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவளுக்குத் தூக்கமில்லை. வேலை மட்டும் ஓடியது. பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் அவளுக்கு. விளக்கு மேஜை மேல் ஓடும் துணியில் அறுந்த இழை ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. தறிச் சத்தமும் அவளைத் தொந்தரவு செய்ததில்லை, அது ஒரே மாதிரிச் சத்தம். மனிதர்கள்தான் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவள் இளைத்துக் கருத்துப் போவதைப் பார்த்துக் கூட வேலை பார்க்கும் ஃபஸீலாதான் மதுரைக்குக் கூட்டிப்போனாள். தூக்க மாத்திரை தருவார்கள் என்று போனால், ஐந்து தடவை வரச்சொல்லி, சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்டு, கடைசியில் ஆட்டிசம் என்றார் டாக்டர். நாற்பத்துமூன்று வயதில். மாரிக்கனி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்படின்னா எனக்கு எங்கம்மா மேல பாசம் இல்லையா டாக்டர்?"

"பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா" என்றார் அவர். எழுதித் தருவீர்களா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் போனை எடுத்து அம்மா நம்பரைத் தேடினாள். இந்தப் பெயரை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அழுத்தப் போன பிறகுதான் அம்மா இல்லை என்பது நினைவு வந்தது. பெயர் தெரியாமலே இதையெல்லாம் அறிந்திருந்த ஒரே ஆள் அம்மாதான். "கண்ணைப் பாத்துப் பேச வரலேன்னா நெத்திப் பொட்டப் பாருட்டி, ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிக் கொடுத்தவள். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவளிடம் மட்டும் முந்தானையை நீட்டுவாள். தெற்கு ரதவீதி நெடுக அதைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறாள் மாரிக்கனி. கடைசிப் பதினைந்து வருஷமும் அம்மா அவளோடுதான் இருந்தாள், மூச்சிளைப்போடு. அன்று பஸ்ஸில் மாரிக்கனிக்கு நெஞ்சு வலித்தது. அதுதான் துக்கம் என்று அவளுக்கே நாலைந்து ஊர் தாண்டித்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பாண்டிதுரை கதவைத் திறந்தார். "வா மாரி. ஒங்க அக்கா பின்னாடி நிக்கா."

பின்வாசலில் துவைகல் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. செல்லக்கனி நிமிர்ந்தாள். மாரிக்கனி அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. சேலையை வாங்கி வாளியில் முக்கிய அக்காவிடம், பேசாமல் ஃபைலை நீட்டினாள்.

செல்லக்கனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள். முழுக்க இங்கிலீஷ். "என்ன சீக்கு?"

"சீக்கு இல்லக்கா. பொறந்ததுலேருந்தே இப்படித்தானாம். ஆட்டிசம்."

"அது சின்னப் பிள்ளைகளுக்குல்லா சொல்லுவாக."

"நானும் சின்னப் பிள்ளையா இருந்தவதான."

செல்லக்கனி ஃபைலை மூடித் துவைகல் மேல் வைத்தாள். "எங்கைய தட்டி விட்டியே. அதுக்கு என்ன பேரு போட்டிருக்காவ இதுல? ஒனக்கு மட்டுமா அம்மா? நான் எங்க போயி விழுந்து அழ?" குரல் உடைந்தது. "ஊதுபத்திய அணைச்சியே, அது ஏன்? ஒரு வருசமா கெடந்து மண்டைய ஒடைக்கேன்."

கேட்டுவிட்டாள். மாரிக்கனி பொட்டிலிருந்து பார்வையை எடுத்து வாளியைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு எளைப்பு வரும்லக்கா."

வாளியைப் பார்த்தபடியே மாரிக்கனி தொடர்ந்தாள்.

"பொகை பட்டா மூச்சு முட்டும். வீட்டுல நான் ஊதுபத்தியே வாங்குறதில்ல. அன்னைக்கு அம்புட்டு பேர் இருந்தீய, ஒருத்தருக்கும் நெனப்பில்ல. அணைக்க அணைக்க ஏத்துனாவ."

பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது. செல்லக்கனி ஒரு அடி எடுத்து வைத்தாள், தங்கச்சியின் தோளுக்குப் போன கை பாதியில் நின்றது. அந்தக் கையை அப்படியே கீழே இறக்கி வாளிக்குள் விட்டாள். சேலையைத் தூக்கி, ஒரு முனையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு முந்தானையை நீட்டினாள்.

"பிடிட்டி."

மாரிக்கனி பிடித்தாள். இருவரும் பின்னால் நகர்ந்து சேலையை இழுத்து, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கத் தொடங்கினார்கள். அரக்குச் சாயம் கலந்த தண்ணீர் தரையில் ஓடியது. சேலை முறுகி இறுகியபோது செல்லக்கனியின் தோள் குலுங்க ஆரம்பித்தது, சத்தம் வரவில்லை. அந்தக் குலுக்கல் ஈரத்துணி வழியாக வந்து மாரிக்கனியின் உள்ளங்கையில் அடித்தது. விட்டுவிடத் தோன்றவில்லை. முந்தானையை மணிக்கட்டில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அக்கா இழுத்த இழுப்புக்குத் தானும் இழுத்துப் பிடித்து நின்றாள்.