கிரேன் ஏணி

தலைக்கவசத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட பரிசோதகர் முதலில் கேட்டது, "பருந்து யாரு?" என்றுதான்.

அந்தக் கட்டட வேலையிடத்தில் அப்பாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவர். மேலே இருந்தே தரையில் கிடக்கும் ஆணியைப் பார்த்துவிடுவார் என்று பேச்சு. நான் அதே இடத்தில் பாதுகாப்பு அலுவலக உதவியாளர். தலைக்கவசம், கையுறை, பெல்ட் எடுத்துக் கொடுப்பேன். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

"அதோ, ஏணிகிட்ட நிக்கறார் சார். லிஃப்ட் ஆகாது அவருக்கு," என்றார் சூப்பர்வைசர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரண்டு மாதத்துக்கு முன் அப்பா ஒரு கம்பிக்கட்டைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டார். வயர்லெஸ்ஸில் வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் லீவரைத் தொட வேண்டும். அன்றும் சரியாகத்தான் திருப்பிச் சொன்னார். சொன்ன கையோடு பாதியை மறந்துவிட்டார். கட்டு இறங்கிய இடத்தில் சற்று முன்புவரை இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மறுபரிசோதனையில் தேறாவிட்டால் இனி கிரேன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மறுபரிசோதனைதான் இன்று.

வீட்டிலும் சின்னச் சின்ன மறதிகள் இருந்தன. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, உடம்பை அசைக்கச் சொல்லுங்கள் என்றார். இது எப்போது தொடங்கியது என்று யோசித்தேன். கிரேனுக்கு லிஃப்ட் வைத்த பிறகுதான். அதுவரை தினமும் அவ்வளவு உயரமும் ஏணியில் ஏறியவர், ஒரு வருடமாக நின்றபடியே மேலே போய் உட்கார்ந்துவிட்டு, நின்றபடியே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"தசை சுருங்கறப்போ காலைத் தூக்கறதோட வேலை முடியறதில்லப்பா," என்றேன், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று. "ரத்தத்துல என்னென்னவோ விடுது. அதுல சிலது மூளை வரைக்கும் போகுது. ஞாபகம் வச்சுக்கற இடத்துல, செல்லுக்கு உரம் மாதிரி ஒண்ணு ஊற உதவுது."

"என் தொடை என் மூளைக்கு போன் பண்ணுதுங்கற."

"ஆமாப்பா."

"ஒரு வருஷமா ஒரு மிஸ்டு கால் கூட இல்லையே!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஏறினா சரியாயிடுமா பாப்பா?"

"தெரியலப்பா."

உண்மையிலேயே தெரியாது. இதைப் பற்றி நான் தேடிப் படித்த ஆய்வுகளில் இரண்டு குழுக்கள் இருந்தன: உடற்பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு அப்பா. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இல்லை.

மறுநாளே ஏற ஆரம்பித்தார். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். "பருந்து இப்பல்லாம் பறக்கறதில்லடா, தவழுது!" என்று கம்பி கட்டுகிறவர்கள் கத்துவார்கள். "கீழ வந்தா கொத்திடுவேன்," என்று மேலிருந்து பதில் வரும். போன மாதத்திலிருந்து நிற்காமல் ஏறுகிறார்.

பரிசோதகர் தலையை ஆட்டினார். "மூச்சு வாங்கிட்டு உக்காந்து டெஸ்ட் குடுப்பாரா? லிஃப்ட்ல போகச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கை ஏணியை விடவில்லை.

"சார்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சார், ஏறட்டும். மூச்சு அடங்கற வரைக்கும் நீங்க பொறுத்தா போதும்."

"நீ யாரும்மா?"

"அவர் பொண்ணு. பெல்ட்டை நான்தான் சரிபார்த்தேன்."

"ஏறட்டும். ஆனா தப்பு பண்ணிட்டு ஏணி மேல பழி போடக் கூடாது."

அப்பா மேலே போய் உட்கார்ந்து, வயர்லெஸ்ஸில் தயார் என்றார். கொக்கியில் ஒரு கான்கிரீட் கட்டை தொங்கியது. பரிசோதகர் வேண்டுமென்றே மூச்சு விடாமல் சொன்னார்: "தூக்கி, இடது பக்கம் திருப்பி, ரெண்டு தூணுக்கு நடுவுல நிறுத்துங்க. அப்புறம் வலது பக்கம் வந்து, மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்குங்க. கம்பிவடம் தளரக் கூடாது."

அப்பா அப்படியே திருப்பிச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. அன்றும் திருப்பிச் சொன்னவர்தானே.

கட்டை தூண்களுக்கு நடுவில் வந்து நின்றது. உடனே பரிசோதகர் குறுக்கே புகுந்தார். மேலே வெயில் எப்படி, விசிறி ஓடுகிறதா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

"சரி, மிச்சத்தை முடிங்க."

கட்டை நகரவில்லை. வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். பரிசோதகரின் பேனா தாளைத் தொட்டது. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அவர் இடுப்பில் இன்னொரு வயர்லெஸ், என் கைக்கு எட்டும் தூரத்தில். பொத்தானை அழுத்தி 'மஞ்சக் கோடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று கம்பிக்கட்டு இறங்கிய இடத்தில் நின்றிருந்த இரண்டு பேரை நினைத்தேன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"கட்டை ஆடுது," என்றது அப்பாவின் குரல். "ஆட்டம் நிக்கட்டும். அப்புறம் வலது பக்கம், மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம். வடம் தளராது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேனாவையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் நின்றது. கட்டை கோட்டைத் தாண்டி இறங்கியது. வடம் விறைப்பாகவே இருந்தது.

"ஆறு மாசத்துக்கு அனுமதி தரேன். அப்புறம் மறுபடி பாப்பேன்," என்றார் பரிசோதகர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏணிதான் காரணமா?" என்றார்.

"சொல்ல முடியாது சார். ஒரே ஆளை வச்சு எப்படிச் சொல்றது?"

வயர்லெஸ் கரகரத்தது. "என்னாச்சு? யாராவது சொல்லுங்கப்பா."

சூப்பர்வைசர் தன்னுடையதை என்னிடம் நீட்டினார். அதில் நான் பேசியதே இல்லை. வேலையிடம் முழுக்கக் கேட்கும். பொத்தானை அழுத்தினேன்.

"ஆறு மாசம்ப்பா. லிஃப்ட் அனுப்பவா?"

 தொண்டையைச் செருமும் சத்தம்.

"வேணாம். போன் பேசிக்கிட்டே இறங்கறேன்."

அவர் கால் வெளியே வந்து முதல் படியைத் தேடியது.

"பெல்ட்டை மாட்டுங்கப்பா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.